மெயினுக்கு ஒரு வளையம், ஜிப்புக்கு இரண்டு

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். எங்கள் படகுகளை உடைத்துப்போட்ட அந்த இரவைப் பற்றி மறுபடி எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்று இடுப்பளவுத் தண்ணீரில் என்னோடு நின்றவர்கள், மீதிப் பேர் படங்களில் பார்த்துவிட்டீர்கள். நேற்று காலை என் சனி ஞாயிறு பாய்மர வகுப்புப் பிள்ளைகளின் படகுகள் மறுபடி தண்ணீரில் இறங்கின. எட்டில் ஆறு. அந்த ஆறும் வரிசையாகப் பாய் விரித்து நின்றதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மொத்தமாக ஒரு பெரிய நன்றி. கேட்காமலேயே டிரெய்லரோடு வந்து நின்றவர்கள், தங்கள் ஷெட்டைக் காலி செய்து எங்கள் படகுகளுக்கு இடம் கொடுத்தவர்கள், கிழிந்த பாய்களை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் இரவெல்லாம் தைத்துக் கொடுத்த அம்மாக்கள், பெயர் போடவேண்டாம் என்று சொல்லிப் பணம் அனுப்பியவர்கள், பெயர் போடச் சொல்லி அனுப்பியவர்களும்தான் (அதில் தப்பே இல்லை, பிசின் வாங்கும்போது யாரும் பெயர் பார்ப்பதில்லை). ஹல் (படகின் உடல்) வேலை பார்த்த மூன்று பேருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே ஈரம் இறங்கிய ஹல்லின் மேல் எபாக்சிப் பிசின் பூசினால் சரியாகப் பிடிக்காது, பிடித்த மாதிரி இருந்தாலும் கொஞ்ச நாளில் உரிந்து வரும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நாள்கணக்கில் காயவிட்டு, உடைந்த ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, அப்புறம்தான் கண்ணாடி இழைத் துணியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க முடியும். நான் "சீக்கிரம், சீக்கிரம்" என்று உயிரை வாங்கியபோதெல்லாம் "காயட்டும்" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி என்னைத் துரத்திவிட்டார்கள். துரத்தியதற்கும் சேர்த்து நன்றி.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் வேறு ஒருவர். பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் பாயில் எழுதிய எண்ணைச் சொன்னால் எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும், அதனால் அதுவும் இல்லை. புரோட்டஸ்ட் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம் (போட்டியில் ஒருவர் விதி மீறினால் இன்னொருவர் போடுகிற முறையீடுதான் புரோட்டஸ்ட்). போட்டியில் ஓடுகிற யாருக்கும் இந்த ரகம் தெரியும். 6 மீட்டருக்குக் குறைந்த படகில் புரோட்டஸ்ட் செய்யச் சிவப்புக் கொடி காட்டத் தேவையில்லை, "புரோட்டஸ்ட்" என்று குரல் கொடுத்தால் போதும். எங்கள் இல்காவின் (ஒருவர் ஓட்டும் சின்னப் போட்டிப் படகு) நீளமோ 4.23 மீட்டர்தான். அண்ணனின் குரலுக்குக் கொடி இருந்தாலும் வீண்தான், எதிர்க்காற்றிலும் கேட்கும். போன சீசனில் காற்று வரும் திசையில் வைத்த மிதவை அருகே நான் போர்ட் டாக்கில் (காற்று படகின் இடப்பக்கத்திலிருந்து), அவர் ஸ்டார்போர்டில் (வலப்பக்கத்திலிருந்து). வழிவிட வேண்டியவள் நான். போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன், அவர் சுக்கானைத் திருப்ப வேண்டியதாயிற்று. படகை அங்கேயே இரண்டு சுற்றுச் சுற்றித் தப்பை ஒத்துக்கொண்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சுற்றவில்லை. விசாரணை அறைக்குள் கூப்பிட்டார்கள், தகுதி நீக்கம். அந்தத் தொடரில் இறங்கியவை முப்பத்தொரு படகுகள், எனக்கு விழுந்தது 32 புள்ளி. குறைந்த புள்ளிக்காரர்தான் ஜெயிப்பார் என்கிற விளையாட்டில் 32 என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நாலாவது இடத்திலிருந்து பதினொன்றுக்குப் போனேன். அதற்கப்புறம் அவரோடு பேச்சில்லை. அவர் பக்கம்தான் நியாயம், அது அன்றைக்கே தெரியும், அதனால்தான் கோபம் அதிகம்.

அந்த இரவுக்குப் பிறகு ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர் ஒரு பையோடு வந்து நின்றார். வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை. "கயிறெல்லாம் எங்கம்மா?" என்றார். படகுகளிலிருந்து உருவிய கயிறுகள் ஒரு மூலையில் சேறும் உப்புமாகச் சிக்கலாகிக் கிடந்தன. அதைத் தொட யாருக்கும் நேரமும் இல்லை, மனசும் இல்லை. காட்டினேன். எனக்கு அந்த நேரத்தில் போனில் ஆதரவாளர் ஒருவர், பிள்ளைகள் அழுகிற மாதிரிப் படம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். (இல்லை என்றேன். அவரும் பணம் அனுப்பினார், அதற்கும் நன்றி.)

மூன்று சாயங்காலம் வந்தார். வேலை முடிந்து வருவார், வாளியில் கயிறுகளை அலசுவார், கவிழ்த்துப் போட்ட இன்னொரு வாளியின் மேல் உட்கார்ந்துகொள்வார். பாய் தைப்பவர்கள் உள்ளங்கையில் மாட்டிக்கொள்கிற தோல் பட்டை ஒன்று, மெழுகு ஏற்றிய நூல், ஒரு தடித்த ஊசி. இருட்டியபின் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தொடர்வார். பிரிந்துபோன முனைகளைத்தான் கட்டுகிறார் என்று நினைத்தேன். நல்ல காரியம்தான், ஆனால் அவசரமில்லாத காரியம் என்று மனசுக்குள் ஒரு சலிப்புகூட இருந்தது, இப்போது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வகுப்பில் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பிறவியிலேயே பார்வை இல்லை. ஹன்சா 303 என்ற படகில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவாள். அந்தப் படகில் டில்லருக்கு (சுக்கானைத் திருப்பும் கட்டை) பதில் ஜாய்ஸ்டிக், இருவர் அருகருகே உட்காரலாம், கீழே எடையுள்ள பலகை இருப்பதால் லேசில் கவிழாது. காற்றைக் கன்னத்தால் பிடிப்பாள். பாய் படபடக்கும் சத்தத்தில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வாள், சில நாள் என்னைவிடச் சீக்கிரம். அவளுக்குத் தகராறு ஒன்றே ஒன்று. மெயின் ஷீட் (பெரிய பாயை இழுக்கும் கயிறு), ஜிப் ஷீட் (முன்பாயை இழுக்கும் கயிறு), இரண்டு பாயையும் சுருட்டுகிற கயிறுகள் என்று எல்லாம் ஒரே தடிமனில், கைக்கெட்டும் இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் வரும். பார்க்கிறவர்களுக்கு நிறம் இருக்கிறது. அவள் ஒவ்வொரு முறையும் கேட்பாள், "அக்கா, இது எந்தக் கயிறு?" நானும் ஒவ்வொரு முறையும் சரியான கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுப்பேன். இப்படியே ஐந்து வருஷம்.

அண்ணன் வரத் தொடங்கிய நாலாம் நாள் அவள் படகுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று வந்தாள். பழுது பார்த்த முதல் படகு டிராலி மேல் இருந்தது, உள்ளே உட்கார வைத்தோம். வழக்கம்போலக் கை கயிற்றுக்குப் போனது. நின்றது. பக்கத்துக் கயிற்றுக்குப் போனது, மறுபடி முதல் கயிற்றுக்கு வந்தது. "இதுல ஒரு வளையம் இருக்கு. இதுல ரெண்டு. இது என்ன?" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். கிளீட்டை (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பிடி) தாண்டிக் கைக்கு வருகிற இடத்தில், மெழுகு நூலால் விரற்கடை அகலத்துக்கு நெருக்கமாகச் சுற்றித் தைத்திருந்தது. மெயினுக்கு ஒன்று, ஜிப்புக்கு இரண்டு, மெயினைச் சுருட்டும் கயிற்றுக்கு மூன்று, ஜிப்பைச் சுருட்டும் கயிற்றுக்கு நாலு. அதே கணக்கில் ஆறு படகுக்கும்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் கேட்காமலேயே, "முதல்ல முடிச்சு போட்டுப் பாத்தேன். கிளீட்ல சிக்குது. அவிழ்த்துட்டு இப்படிச் சுத்தினேன், இது வழுக்கிட்டுப் போயிடும்" என்றார். ஏதோ நான் குறை சொன்ன மாதிரி. உங்களுக்கு இவளை எப்படித் தெரியும் என்றேன். "நீ வாரா வாரம் பதில் சொல்றது தண்ணி மேல அவ்வளவு தூரத்துக்குக் கேக்குதேம்மா" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் எங்கள் படகிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளிப் பயிற்சி செய்துகொண்டு போகிறவர், அவர் காதில் விழுந்தது என் காதில் விழவே இல்லை. ஏன் என்று யோசித்தால் கிடைக்கிற பதில் அவ்வளவு நன்றாக இல்லை. அவள் என்னைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. நூலும் ஊசியும் என் பையிலும்தான் இருக்கின்றன.

இந்த ஒரு மாதத்தில் உங்களில் பலர் என்னைப் பற்றி எழுதியதைப் படித்துக் கூச்சமாக இருக்கிறது. தியாகம் என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இரண்டு பேர் லாரன்ஸ் லெமியூவோடு வேறு ஒப்பிட்டுவிட்டார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில், பூசானுக்கு வெளியே கடலில், ஃபின் என்ற படகு வகைப் போட்டியில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தவர், தண்ணீரில் விழுந்து தத்தளித்த சிங்கப்பூர் வீரர்களைப் பார்த்துப் போட்டியை விட்டுவிட்டுத் திரும்பினார். நடுவர் குழு அந்த ஓட்டத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே திருப்பிக் கொடுத்தது. பாய்மரப் போட்டி விதிப் புத்தகத்தில் முதல் விதியே ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பதுதான், அதனால் இழந்த இடத்துக்கு ரிட்ரெஸ் (ஈடு) கேட்கவும் வழி இருக்கிறது. அவர் கண்ணெதிரே உயிர் போகிற நிலைமை. நான் செய்ததெல்லாம் சனி ஞாயிறுகளைக் கூறு போட்டதுதான், அதையும் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன். போட்டிகளும் சனி ஞாயிறுதான், வகுப்பும் சனி ஞாயிறுதான். ரெகாட்டாவுக்கு (படகுப் போட்டித் தொடர்) போனால் பிள்ளைகள் முகம், வகுப்புக்குப் போனால் புள்ளிப்பட்டியல். படகு ஓரத்தில் உடம்பை வெளியே சாய்த்துத் தொங்கித் தொடை எரிகிற நேரத்திலும், விட்டுப்போன வகுப்புக்கும் விட்டுப்போன ஓட்டத்துக்கும் மனசு வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். யாரோ ஒருநாள் உட்கார்ந்து எனக்கு ரிட்ரெஸ் கொடுத்து இழந்த இடங்களையெல்லாம் திருப்பித் தருவார்கள் என்கிற மாதிரி.

இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் பொறாமை தருகிறவர் சமந்தா டேவிஸ். இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைகளின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் திரட்டும் படகில், தனியாளாக உலகத்தைச் சுற்றும் 2020 வெண்டே குளோப் போட்டியில் ஓடினார். கடலில் எதிலோ மோதிப் படகு அடிபட்டுக் கேப் டவுனில் கரையேறினார், போட்டி அதோடு முடிந்தது. படகைச் சரி செய்துகொண்டு, கணக்கில் வராது என்று தெரிந்தும் மீதி உலகத்தைச் சுற்றி முடித்தார், அந்தக் குழந்தைகளுக்காக. அவருக்குப் போட்டியும் உதவியும் ஒரே படகில் இருந்தன. எனக்கு இரண்டு படகு, இரண்டிலும் ஒவ்வொரு கால்.

அதனால் இந்தச் சீசனிலிருந்து ஒன்று செய்யப்போகிறேன், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது. ரெகாட்டா வாரங்களில் வகுப்பு நிற்காது. நான் இல்லாமல் நடக்கும். பெரிய பிள்ளைகள் நாலு பேர் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், பாதுகாப்புப் படகில் இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள். கரையில் கயிறு, கப்பி, உயிர்காப்பு வெஸ்ட் என்று எல்லாவற்றையும் என்னைக் கேட்காமலே எடுத்து மாட்டுகிற மாதிரி வைக்கப்போகிறேன். நான் போட்டிக்குப் போனால் போட்டியில் மட்டும் இருப்பேன். முடிகிறதா பார்ப்போம்.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருஷம் இதே பெண் கேட்டாள், "அக்கா, நான் பாராலிம்பிக்ஸ் போக முடியுமா?" பாய்மரப் படகோட்டம் 2000-ல் பதக்கப் போட்டியாகச் சேர்ந்தது, 2016 ரியோவோடு எடுத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பார்வையற்றவர்கள் ஒலி எழுப்பும் மிதவைகளை வைத்து ஒரு படகுக்கு எதிராக ஒரு படகு ஓட்டுகிற போட்டிகள் உலகத்தில் நடக்கின்றன, அதைச் சொன்னேன். "சரி, அது எப்போ?" என்றாள். இன்னும் நான் பதில் சொல்லவில்லை. அப்படி ஒரு மிதவை செய்யத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் கூப்பிடுங்கள்.

நேற்றைய கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அவளும் நானும் முதல் படகில். கரையை விட்டு நகர்ந்து கொஞ்ச நேரத்தில் ஒரு வீச்சு வந்தது, படகு சாய்ந்தது. ஜிப்பைத் தளர்த்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கட்டைவிரல் கயிறுகளின் மேல் ஓடி, இரண்டு வளையத்தில் நின்று, கிளீட்டிலிருந்து உருவி, ஒரு கை நீளம் விட்டுவிட்டது. படகு நிமிர்ந்தது. "சொல்லாதீங்க அக்கா" என்றாள், என் பக்கம் திரும்பாமலேயே. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நான் சும்மா வந்தேன். சும்மா உட்கார்ந்து வருவது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

அண்ணா, நீங்கள் நேற்று வரவில்லை. பரவாயில்லை. உங்கள் தோல் பட்டையை வாளிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த ரெகாட்டாவுக்கு எடுத்து வருகிறேன். ஓட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள், ஓட்டத்துக்கு முன்னால் நாம் பேசவேண்டாம்.