பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தடித்த ஒயில்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர் தன்னுடைய 1991ஆம் ஆண்டு மஸ்டா மியாற்றா ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன என்ஜின் ஒயில் விடலாம் என்று கேட்டிருந்தார். பழைய என்ஜின் என்றால் 20டபிள்யூ-50 விடுங்கள், தேய்ந்த என்ஜினுக்குத் தடித்த ஒயில்தான் பாதுகாப்பு என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. அதை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. என்னிடமும் அதே கார்தான் இருக்கிறது, 1990ஆம் ஆண்டு, 1.6 லீற்றர் என்ஜின். அதே அறிவுரையை நம்பி இரண்டு வருடம் ஓடியவன் நான்.

காரை வாங்கிய புதிதில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். "தம்பி, இது வயது போன என்ஜின், உள்ளே தேய்ந்திருக்கும், மொத்தமான ஒயில்தான் சரி" என்று சொல்லி 20டபிள்யூ-50ஐ விட்டார்கள். ஒயில் பிரஷர் காட்டும் முள் முன்பைவிட மேலே நின்றது, எனக்கும் பெரிய சந்தோஷம். ஆனால் மே மாதத்துக் குளிர்ந்த காலைகளில் ஸ்டார்ட் பண்ணினால் என்ஜினின் மேல்பக்கத்திலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். முன்பு ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும், இப்போது அடுத்த சிக்னல் தாண்டியும் கேட்டது.

அந்தச் சத்தம் ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். முதல் தலைமுறை மியாற்றாவில், அதாவது 1997 வரைக்கும் வந்தவற்றில், வால்வுகளுக்கு மேலே இருக்கும் கிண்ணம் போன்ற ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒயிலால் நிரம்பும் சின்ன உருளை ஒன்று இருக்கிறது. வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் கேம் தண்டுக்கும் இடையிலான இடைவெளியை அந்த ஒயில்தான் தானாகச் சரிசெய்கிறது. ஒயில் அதற்குள் போகும் துளை மிகச் சின்னது. அழுக்கோ காற்றோ அதில் புகுந்தாலும், குளிரில் இறுகிய ஒயில் மெதுவாக வந்து சேர்ந்தாலும், இடைவெளி விழுந்து டிக் டிக் என்று அடிக்கும். 1999 மாடலிலிருந்து மஸ்டா இந்த அமைப்பையே எடுத்துவிட்டது. ஆகவே அந்த வாசகரின் காருக்கு வேண்டியது சீக்கிரம் மேலே ஏறும் சுத்தமான ஒயில், தடிப்பு அல்ல.

பிரஷர் முள்ளை நம்பி நான் ஏமாந்ததையும் சொல்லவேண்டும். முள் உயர்ந்தால் ஒயில் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தமில்லை. தடித்த ஒயிலைச் சின்ன இடுக்குகளுக்குள் தள்ளுவது கஷ்டம், அந்தக் கஷ்டத்தைத்தான் முள் காட்டுகிறது. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் பம்பில் உள்ள வால்வு திறந்து, மேலே போகவேண்டிய ஒயிலில் ஒரு பகுதியைத் திருப்பி விட்டுவிடும். (1995 வாக்கிலிருந்து வந்த மியாற்றாக்களில் அந்த முள் உண்மையான அளவையும் காட்டாது, அழுத்தம் இருக்கிறது இல்லை என்பதை மட்டும்தான் காட்டும். அதைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.)

போத்தலில் இருக்கும் எண்களுக்கு வருவோம். டபிள்யூ என்றால் வின்ரர், பலர் நினைப்பதுபோல் வெயிற் இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஒயில் எப்படி நடந்துகொள்ளும் என்பது, பின்னால் இருப்பது என்ஜின் சூடேறிய பிறகு 100 பாகை செல்சியஸில் இருக்கும் தடிப்பு. அந்தச் சூட்டில் 30 என்பது 9.3 முதல் 12.5 சென்ரிஸ்ரோக்ஸ் (ஒயிலின் தடிப்பை அளக்கும் அலகு), 40 என்பது 12.5 முதல் 16.3, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. அதாவது 30க்கென்று செய்த என்ஜினில் 50ஐ விட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிப்பைத் திணிக்கிறோம். என்னுடைய காரின் கையேட்டில் 10டபிள்யூ-30 என்று தெளிவாக அடித்திருக்கிறார்கள். அதைச் செய்தவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது?

தடித்த ஒயிலே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 2000களின் தொடக்கத்தில் வந்த பிஎம்டபிள்யூ எம்3க்கு அந்தக் கொம்பனியே 10டபிள்யூ-60 விடச் சொன்னது. மஸ்டாவின் ஆர்எக்ஸ்-7 காரில் இருக்கும், பிஸ்டனுக்குப் பதில் சுழலும் துண்டு கொண்ட ரோட்டரி என்ஜின் இன்னும் வேறு ஆள், அது எரியும் அறைக்குள்ளேயே வேண்டுமென்று ஒயிலை விட்டு எரிக்கும், அதனால் ஒயில் குறைகிறதே என்று பயப்படக்கூடாது, அடிக்கடி பார்த்து விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒரே சாதி கிடையாது. பதில் எழுதியவர் எந்த என்ஜின் என்றாவது கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

சிந்தெற்றிக், அதாவது செயற்கையாகத் தயாரித்த ஒயில் விட்டால் பழைய என்ஜின் ஒழுகும் என்ற பேச்சும் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. 1970களில் வந்த முதல் சிந்தெற்றிக் ஒயில்கள் சிலவற்றுக்கு அது பொருந்தியிருக்கலாம், இன்றைக்கு வருவனவற்றுக்கு இல்லை. ஒயில் கசியாமல் அடைக்கும் சீல் ஏற்கெனவே இறுகிப்போயிருந்தால் எந்த ஒயிலானாலும் ஒழுகத்தான் செய்யும். என் காரும் ஒழுகியது, என்ஜினுக்குப் பின்னால், கியர் பெட்டி சேரும் இடத்தில். கிராங்க் சீல் போய்விட்டது, கியர் பெட்டியைக் கழற்றவேண்டும் என்று இன்னொரு கராஜில் பெரிய தொகை சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்தில் இருக்கும் கேம் சென்ஸருக்குள் ஒரு ரப்பர் வளையம் கட்டையாகிப் போயிருந்தது. சில டொலர்தான். மியாற்றா வைத்திருப்பவர்கள் ஒயிலைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்த வளையத்தைப் பாருங்கள், தயவுசெய்து.

இப்போது நான் விடுவது சிந்தெற்றிக் 5டபிள்யூ-30. மொத்தமே நாலு லீற்றருக்குள்தான் பிடிக்கும், கஞ்சத்தனம் பார்க்கத் தேவையில்லை. டிக் டிக் சத்தம் விடாதவர்களுக்கு லொறிகளுக்கு விடும் 5டபிள்யூ-40 டீசல் ஒயிலைப் பல மியாற்றாக்காரர் சொல்வார்கள். நானும் ஒரு கோடைக்கு விட்டுப் பார்த்தேன், அழுக்கைக் கழுவும் பொருட்கள் அதில் கூடுதல், சத்தம் உண்மையிலேயே குறைந்தது. ஆனால் போத்தலின் பின்பக்கத்தில் பெற்றோல் என்ஜினுக்கான, எஸ் என்று தொடங்கும் ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய அமைப்பு) தர வகுப்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், எல்லாவற்றிலும் அது இருக்காது.

அப்புறம், எந்த ஒயில் என்பதைவிட எப்போது மாற்றுகிறோம் என்பதுதான் நம்முடைய கார்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இவை வருடத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் கிலோமீற்றர்தான் ஓடுகின்றன, கிலோமீற்றர் கணக்குப் பார்த்தால் ஒயில் மாற்ற இரண்டு மூன்று வருடம் ஆகிவிடும், அதற்குள் ஈரமும் அமிலமும் எரியாத பெற்றோலும் அதில் சேர்ந்துவிடும். நான் ஒக்டோபர் முடிவில், காரைக் குளிர்காலத்துக்கு மூடி வைப்பதற்கு முன்பு மாற்றுகிறேன், வசந்தத்தில் அல்ல. அழுக்கு ஒயிலை ஐந்து மாதம் பெயரிங்குகளின் மேல் ஊறவிட்டுவிட்டுப் பிறகு மாற்றி என்ன பயன்? இடையில் ஜனவரியில் போய்ப் பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுவதும் வேண்டாம். என்ஜின் முழுதாகச் சூடாகாமல் உள்ளே நீர்தான் படியும்.

அந்த வாசகருக்கு ஒரு வேண்டுகோள். 20டபிள்யூ-50 வாங்குவதற்கு முன் சமதரையில் காரை நிறுத்தி ஒயில் மட்டத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பாருங்கள். மட்டம் பெரிதாக இறங்காவிட்டால் கையேட்டில் உள்ளதையே விடுங்கள். நன்றாக இறங்கினால் ஒரு படி மேலே 40க்குப் போகலாம், அதோடு எங்கே ஒழுகுகிறது அல்லது எரிகிறது என்பதையும் தேடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மியாற்றாக்காரன்,
ஸ்காபரோ