சிமெண்ட் மூட்டையும் பத்துக் கோடி வீடும்: ஒன்றிய நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

டிசம்பர் 2025

மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2019 ஜூலை 5 அன்று உங்கள் முதல் நிதிநிலை அறிக்கை உரையில் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாட்டைத் தமிழிலேயே சொல்லிப் பொருள் விளக்கினீர்கள். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலம் யானைக்குப் பல நாள் தீனியாகும். யானையே வயலில் இறங்கிவிட்டால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். வரி வாங்கும் முறையைப் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு எடுத்துச் சொன்ன பாட்டு. அதே உரையில்தான், ஆண்டு வருமானம் 2 கோடியைத் தாண்டியவர்களுக்கு சர்சார்ஜை (வரித்தொகையின் மேல் போடும் கூடுதல் வரி) 25 சதவீதமாகவும், 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 37 சதவீதமாகவும் உயர்த்தினீர்கள். இருப்பவரிடம் கூடுதலாகக் கேட்பது சரி என்று அன்று அரசே சொன்னது.

அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதமே பங்கு விற்ற லாபத்துக்கு அந்த உயர்வு வேண்டாம் என்று திரும்பப் பெறப்பட்டது. அந்த லாபத்துக்கு எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் சர்சார்ஜ் 15 சதவீதத்தோடு நின்றது. 2022இல் அந்த 15 சதவீத வரம்பு எல்லா நீண்டகால மூலதன ஆதாயத்துக்கும், அதாவது பங்கையோ வேறு சொத்தையோ நெடுநாள் வைத்திருந்து விற்ற லாபத்துக்கும், விரிந்தது. 2023இல், புதிய வரி முறையில் 37 சதவீதம் 25 ஆக இறங்கியது. உச்சபட்ச வரி 42.74 சதவீதத்திலிருந்து 39க்கு வந்தது. இப்போது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்துவிட்டு, 819 பிரிவுகளை 536 ஆகச் சுருக்கி, வருமான வரிச் சட்டம் 2025ஐ நிறைவேற்றியிருக்கிறீர்கள். அது நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஏப்ரல் 1. மொழி எளிமையாகியிருக்கிறது, அட்டவணைகள் தெளிவாக இருக்கின்றன, அதற்கு நன்றி. ஆனால் அறுபது ஆண்டுச் சட்டத்தை வரிவரியாகத் திருப்பி எழுதிய நேரத்தில்கூட, பெருஞ்செல்வர்கள் குறைவாகக் கட்டும் இடங்கள் ஒன்றுகூட அடைபடவில்லை. பிரிவு எண் மட்டும் மாறி அப்படியே இடம்பெயர்ந்திருக்கின்றன.

கேட்பது ஒன்றுதான். ஓர் ஆண்டில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வரும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, சம்பளத்துக்கு என்ன விகிதமோ அதே விகிதத்தில் வரி வாங்குங்கள்.

காரணத்தை ஒரு சிறிய வீட்டிலிருந்து சொல்வதுதான் எளிது. 500 சதுர அடியில், தரைத்தளம் மட்டும் உள்ள கான்கிரீட் வீடு. சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற வழக்கமான கணக்கில் சிமெண்ட் 200 மூட்டை. கம்பி சதுர அடிக்கு மூன்றரை கிலோ வீதம் 1,750 கிலோ. வரியோடு மூட்டை 360 ரூபாய், கம்பி கிலோ 65 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். மூட்டைக்குக் கிட்டத்தட்ட 55 ரூபாய் வரி. சிமெண்டில் மட்டும் சுமார் 10,980. கம்பியில் சுமார் 17,350. ஆக 28,300 ரூபாய். செங்கல், எம்-சாண்ட், பெயிண்ட், ஓயர், பைப், டைல்ஸ் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. சித்தாள் கூலி நாளுக்கு 700 ரூபாய் என்றால், இந்த வரி மட்டும் நாற்பது நாள் கூலி.

இதிலும் தளம் போடும் நாளைப் பாருங்கள். சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பலாம்; கையில் காசு வரும்போது பத்து மூட்டை, இருபது மூட்டை என்று வாங்கிக்கொள்ளலாம். தளத்தை அப்படிப் போட முடியாது. பாதியில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாது, அந்த ஜாயிண்டில் மழைக்காலத்தில் ஒழுகும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். அதனால் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, ஒரே நாளில் போட்டு முடித்தாக வேண்டும். ஐந்து அங்குலத் தளத்துக்கு ஏறத்தாழ 6 கன மீட்டர் கான்கிரீட், 47 மூட்டை சிமெண்ட், 470 கிலோ கம்பி. எல்லாம் மொத்தமாக முன்கூட்டியே வந்து இறங்க வேண்டும். வீட்டிலுள்ள நகை அடகுக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அந்த அடகுக் காசில் 7,200 ரூபாய்க்கு மேல் நேராக வரியாகப் போகிறது. பில்லின் அடியில் ஒன்றியத்துக்கு சிஜிஎஸ்டி 9, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி 9 என்று இரண்டு பகுதிகளாக அது இருக்கும். நகை மீளும் வரை அந்த வரிக்கும் சேர்த்து மாதாமாதம் வட்டி ஓடும்.

இந்த 28,300 ரூபாயைத் திரும்பப் பெற வழியே கிடையாது. ஒரு தொழிற்சாலை இயந்திரத்துக்கு அடித்தளம் போட்டால், அந்த சிமெண்டின் வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும். சட்டம் இயந்திரத்தோடு அதன் அடித்தளத்தையும் சேர்த்துத்தான் அனுமதிக்கிறது. மனிதர் குடியிருக்க அடித்தளம் போட்டால் வரவு இல்லை. வருமான வரியே கட்டாதவர்கள் என்று எந்த மக்களை எல்லோரும் சுட்டிக்காட்டுகிறார்களோ, அவர்கள் கட்டும் வரி இது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு 28 சதவீதத்தை 18 ஆகக் குறைத்தது நல்ல காரியம். குறைத்த பிறகு வந்த கணக்குதான் இது.

இப்போது இன்னொரு வீடு. சொத்து விற்ற பணத்தில் வீடு வாங்கினால் லாபத்துக்கு வரி விலக்குத் தரும் சலுகை ஒன்று உண்டு; பழைய சட்டத்தில் அதற்கு 54எஃப் பிரிவு என்று பெயர். ஒருவர் ஒரு கோடிக்கு வாங்கிய பட்டியலிட்ட பங்குகளைச் சில ஆண்டுகள் கழித்துப் பத்துக் கோடிக்கு விற்கிறார். லாபம் 9 கோடி. முதல் 1.25 லட்சம் போக 12.5 சதவீதம், அதன்மேல் 15 சதவீத சர்சார்ஜ், 4 சதவீத செஸ் (கல்வி, சுகாதாரத்துக்கான தனி வரி): சுமார் 1 கோடியே 34 லட்சம் வரி வர வேண்டும். ஆனால் விற்ற பணம் முழுவதையும் போட்டு இரண்டு ஆண்டுக்குள் ஒரு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ, அந்த வரி பூஜ்யம். விற்ற அன்று வேறு ஒரு வீட்டுக்கு மேல் சொந்தமாக இருக்கக் கூடாது, புது வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்கக் கூடாது, கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவாகாத பணத்தை மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும், முக்கிய நிபந்தனைகள் இவை. 2023 வரை இந்தச் சலுகைக்கு உச்சவரம்பே இல்லை. நீங்கள்தான் 10 கோடி என்று வரம்பு வைத்தீர்கள். அந்த வரம்பும் ஆளுக்குத்தான். கணவன், மனைவி இருவர் பெயரிலும் பங்குகள் இருந்தால் இருபது கோடி.

அம்மையீர், 500 சதுர அடி வீடு கட்டுகிறவரிடம் 28,300 ரூபாய் வாங்கும் அரசு, பத்துக் கோடி வீடு வாங்குகிறவருக்கு வீடு வாங்கியதற்காகவே 1 கோடியே 34 லட்சத்தை விட்டுக்கொடுக்கிறது. ஊரகப் பகுதியில் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சமவெளியில் ஒரு வீட்டுக்கு அரசு தரும் தொகை 1,20,000 ரூபாய். மேலே விட்டுக்கொடுத்த ஒரு தொகையில் அப்படி நூற்றுக்கு மேல் வீடுகளுக்குக் கொடுக்கலாம்.

வீடு வாங்காமல் வரியையே கட்டினாலும் கணக்கு கோணலாகத்தான் இருக்கிறது. ஆண்டுக்கு 50 லட்சம் சம்பளம் வாங்கும் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர், புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக, செஸ் சேர்த்து 10,99,800 ரூபாய் கட்டுகிறார். சம்பளத்தில் 22 சதவீதம். அதுவும் கைக்கு வரும் முன்பே பிடித்துவிடுகிறார்கள். பங்கு விற்று 50 கோடி லாபம் பார்ப்பவர் கட்டுவது 14.95 சதவீதம். அதையும் எந்த ஆண்டில் விற்பது, எவ்வளவு விற்பது என்று அவரே தீர்மானிக்கலாம். விற்காமலே அந்தப் பங்குகளை ஈடுவைத்துக் கடன் வாங்கிச் செலவு செய்தால் அதுவும் கிடையாது. கடன் வருமானம் ஆகாது. உழைத்து ஈட்டியதற்கு ஒரு விகிதம், சொத்து தானாக வளர்ந்ததற்கு அதைவிடக் குறைந்த விகிதம் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஒரு கோடிக்கு மேல் உள்ள ஆதாயத்துக்குச் சம்பளத்துக்குரிய விகிதம் என்று கேட்பது இதனால்தான். ஒரு கோடிக்குள் லாபம் பார்க்கும் சிறு முதலீட்டாளரை இது தொடாது. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஐயாயிரம் எஸ்ஐபி போடுகிறவர் பயப்பட ஒன்றுமில்லை.

செல்வந்தர் மீதான வரி இங்கே ஏற்கெனவே போட்டுப் பார்த்துத் தோற்றது என்ற பதில் வரும். ஏன் தோற்றது என்பதையும் பார்க்க வேண்டும். 1957இல் வந்த செல்வ வரியை 2015இல் எடுத்தார்கள். 2013-14இல் அதில் வந்தது 1,008 கோடிதான் என்று அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி சொன்னார். உண்மைதான். ஆனால் 1990களின் தொடக்கத்திலேயே பங்குகளையும் வங்கி வைப்பையும் அந்த வரியின் கணக்கிலிருந்து விலக்கிவிட்டார்கள். மிஞ்சியது நகை, கார், கூடுதல் வீடு, காலி மனை. கோடீஸ்வரர்களின் சொத்து பங்குகளில் இருக்க, பங்குகளை விட்டுவிட்டு நகையை எண்ணினால் வசூல் எங்கிருந்து வரும்? 1953இல் வந்த எஸ்டேட் டியூட்டியை (இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்து மீதான வரி) 1985 மார்ச்சில் வி. பி. சிங் எடுத்தார். 20 லட்சத்துக்கு மேல் 85 சதவீதம் வரை போனது அந்த விகிதம். அவ்வளவு உயர்த்தினால் ஏமாற்றும் வழிகளைத்தான் கண்டுபிடிப்பார்கள். 85 தவறு என்பதற்காகப் பூஜ்யம் சரியாகிவிடாது. இன்று ஆயிரம் கோடி சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும்போது அரசுக்கு ஒரு ரூபாய் வருவதில்லை. நாட்டின் மொத்தச் செல்வத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருப்பதாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2022-23ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டிருக்கிறது. நிறுவன வரியை 2019 செப்டம்பரில் 22 சதவீதமாகக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று நீங்களே அறிவித்தீர்கள். அவ்வளவு பெரிய தொகையை மேலே விட முடிந்த அரசுக்கு, தளம் போடுகிறவரின் ஏழாயிரம் மட்டும் விட முடியாததாக இருப்பது மனதை அறுக்கிறது. எஸ்டேட் டியூட்டியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இந்த மடலின் கோரிக்கைக்குத் திரும்புகிறேன்.

செய்யும்போது நான்கு இடங்களில் கவனம் வேண்டும் என்று பணிவோடு சொல்கிறேன். ஆதாய வரியைச் சம்பளத்துக்குரிய உச்ச விகிதமான 30 சதவீதம் ஆக்கினால், 2024 ஜூலையில் எடுத்த பணவீக்கச் சரிக்கட்டலைத் திருப்பிக் கொடுங்கள். விலைவாசியால் ஏறியது லாபம் ஆகாது; அதற்கு வரி போடுவது பணக்காரருக்கும் அநியாயம்தான். இருபது ஆண்டு வளர்ந்த சொத்தை ஒரே ஆண்டில் விற்பவருக்கு, ஆதாயத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பிக் கணக்கிடும் வசதி தரலாம். 54எஃப் வரம்பை 10 கோடியிலிருந்து ஒரு கோடிக்கு இறக்குங்கள். அதைச் செய்யாமல் விகிதத்தை மட்டும் உயர்த்தினால் எல்லாப் பணமும் ஆடம்பர அடுக்ககங்களுக்குள் புகுந்து வீட்டு விலைதான் ஏறும்.

நான்காவது, தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களுக்கு முக்கியமானது. இந்தக் கூடுதல் வரியை சர்சார்ஜாகப் போடாதீர்கள். சர்சார்ஜும் செஸ்ஸும் அரசியலமைப்பின் 270ஆவது பிரிவின்படி மாநிலங்களோடு பகிரும் தொகுப்புக்குள் வராது. அடிப்படை விகிதமாகப் போட்டால், அதில் ஒரு பங்கு மாநிலங்களுக்குப் போகும்; 15ஆவது நிதிக்குழு 2021-26க்கு வகுத்த பங்கு 41 சதவீதம். அந்தக் காலத்துக்கு அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். அரசு மருத்துவமனையையும் பள்ளிக்கூடத்தையும் நடத்துவது மாநிலங்கள்தான்.

பணக்காரர்கள் நாட்டைவிட்டுப் போய்விடுவார்கள் என்பார்கள். ஆள் போகலாம்; இங்குள்ள நிலமும் தொழிற்சாலையும் கூடவே போகாது. குடியுரிமையைத் துறக்கும் பெருஞ்செல்வரின் சொத்தை அதற்கு முந்தின நாள் சந்தை விலையில் விற்றதாகக் கொண்டு வரி வாங்கும் முறை அமெரிக்காவில் இருக்கிறது. மிகப் பெரும் செல்வர்களிடம் முறையாக வரி வாங்க ஒத்துழைப்போம் என்று 2024 நவம்பரில் ரியோ டி ஜெனீரோவில் ஜி20 தலைவர்கள் வெளியிட்ட பிரகடனத்தில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. அதை இங்கே தொடங்குங்கள்.

ஆகவே, ஒரு கோடிக்கு மேற்பட்ட மூலதன ஆதாயத்துக்குச் சம்பளத்துக்குரிய வரி என்ற திருத்தத்தை அடுத்த பிப்ரவரி நிதி மசோதாவிலேயே சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வருகிற கூடுதல் வருவாயில் முதல் வேலையாக, 600 சதுர அடிக்கு உட்பட்ட சொந்த வீட்டுக்கான சிமெண்டையும் கம்பியையும் 5 சதவீதத்துக்குக் கொண்டுவர ஜிஎஸ்டி மன்றத்தில் முன்மொழியுங்கள். கடையில் விகிதத்தைப் பிரிப்பது சிரமம் என்றால், உள்ளாட்சி தரும் கட்டட அனுமதி எண்ணோடு பில்லை இணைத்து, வித்தியாசத்தை வங்கிக் கணக்கில் திருப்பித் தரலாம். பில் போடாமல் விற்கும் பழக்கமும் அதனால் குறையும்.

மூலதன ஆதாயத் திருத்தத்தை, 2024 ஜூலை 23 அன்று செய்ததுபோல, உரை வாசிக்கும் நாளிலிருந்தே நடைமுறைப்படுத்துங்கள். ஏப்ரல் 1 என்று தள்ளிப் போட்டால், இடையில் உள்ள இரண்டு மாதத்தில் விற்க வேண்டியவர்கள் எல்லோரும் விற்று முடித்திருப்பார்கள்.

பணிவுடன்,
ஒரு வரி ஆலோசகர்