நிறுவனத்தின் பதிவை மாற்றும் முன்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நிறுவனத்தின் பதிவு அலுவலகத்தை வரி குறைவான வேறொரு நாட்டுக்கு மாற்றிவிடலாம் என்று ஆடிட்டர் சொன்ன யோசனையைவிட, அதற்கு நியாயமாக நீ எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. "இந்தத் தொழிலை எழுப்ப அரசாங்கம் ஒரு செங்கல்லும் எடுத்துத் தரவில்லை, லாபம் வந்ததும் பங்கு மட்டும் கேட்கிறது" என்று எழுதியிருக்கிறாய். பணிக்காலம் முழுவதையும் தணிக்கைத் துறையில் கழித்தவள் என்பதால் அம்மா அரசின் பக்கம்தான் பேசுவாள் என்று நீ நினைக்கக்கூடும். பொதுப்பணம் எப்படிச் செலவாகிறது என்பதைக் கோப்புகளில் அன்றாடம் பார்த்தவர்களுக்கு அரசின் மேல் கண்மூடித்தனமான பக்தி வருவது கடினம். ஆனாலும் அந்தச் செங்கல் விஷயத்தில் உன்னோடு உடன்பட என்னால் முடியவில்லை.

அரசு தொழிலுக்கு என்ன தந்தது என்று கேட்டால் எல்லோரும் சாலை, துறைமுகம், மின்சாரம் என்றுதான் தொடங்குவார்கள். நான் அவற்றைத் தொடப்போவதில்லை. உன் நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று இருக்கிறதே, அதிலிருந்து தொடங்குகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பிரிட்டனில் சாதாரணமாகக் கூட்டுத் தொழிலில் பணம் போட்டவர், அந்தத் தொழில் பட்ட கடன் முழுவதற்கும் தன் வீடு வாசலோடு பொறுப்பாளி. 1855இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகுதான், போட்ட பணத்தை இழப்பதோடு பங்குதாரரின் பொறுப்பு முடிந்துவிடும் என்ற ஏற்பாடு அங்கே பொதுவான உரிமையானது. அப்போதும் அதை ஏற்காத நிறுவனங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றான சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி 1878இல் விழுந்தபோது, அதன் பங்குதாரர்களில் மிகப் பெரும்பாலோர் வங்கியோடு சேர்ந்து தாங்களும் திவாலானார்கள். வங்கியை நடத்தியதில் அவர்களில் பலருக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

ஆரன் சாலமன் என்ற காலணி உற்பத்தியாளரின் வழக்கையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். லண்டனில் தனியாளாகத் தொழில் செய்துவந்த அவர், 1892இல் அதை ஒரு லிமிடெட் நிறுவனத்துக்கு விற்றார். அந்த நிறுவனத்தின் 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மீதி ஆறும் அவருடைய மனைவி மக்களிடம் ஆளுக்கு ஒன்றாக இருந்தன. தொழில் சீக்கிரமே படுத்துவிட்டது. நிறுவனம் என்பது வெறும் முகமூடி, கடனை இவரே அடைக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்கள் சொன்னபோது, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை மறுத்து, சட்டப்படி பதிவான நிறுவனம் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்று தீர்ப்பளித்தது. பல நாடுகளின் நிறுவனச் சட்டம் இன்றும் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது. தொடங்கிய புதிதில், வேறு எந்த ஈடும் கேட்காமல் உன் நிறுவனத்தின் கணக்குகளை மட்டும் பார்த்துக் கடன் தந்தவர்களை நினைத்துப் பார். தொழில் அப்போதே நொடித்திருந்தால் உன் வீட்டின் மேல் அவர்கள் கை வைத்திருக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு எந்தச் சந்தையிலும் விலைக்குக் கிடைத்ததில்லை. அது ஒரு சட்டமன்றம் எழுதி, நீதிமன்றங்கள் காத்துவருவது. உண்மையில் அது உன் இழப்பில் ஒரு பகுதியை உனக்குக் கடன் கொடுத்தவர்களின் தலையில் வைக்கும் ஏற்பாடு. சமூகம் தெரிந்தே அதை அனுமதித்திருக்கிறது, ஏனென்றால் அது இல்லாமல் துணிந்து முதல் போடுகிறவர்கள் குறைந்துபோவார்கள்.

இரண்டாவது செங்கல் உன் ஓட்டுநர்களின் கைப்பேசியில் இருக்கிறது. எந்த வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று நீ இருந்த இடத்திலிருந்தே பார்க்கிறாய் அல்லவா? அந்த ஜிபிஎஸ் அமைப்பின் முதல் செயற்கைக்கோளை 1978இல் அமெரிக்க ராணுவம் ஏவியது. 1983இல் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, பொதுமக்களும் இதை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று ரீகன் அரசு அறிவித்தது. அப்போதும் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்திருந்தார்கள். காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். 2000ஆம் ஆண்டு மே மாதம் கிளிண்டன் அரசு அந்தப் பிழையை நீக்கியது. நூறு மீட்டர் பிழையோடு பொட்டலத்தை எந்த வாசலில் இறக்குவாய்? யாரோ ஒரு நாட்டின் வரிதாரர்கள் பல்லாண்டுகள் செலவழித்து, எந்த லாபமும் கேட்காமல் திறந்துவிட்ட கதவு அது. அதற்காக நீ வரி கட்டியதே இல்லை. உன் ஊழியர்களை எழுதப் படிக்க வைத்த பள்ளிகளையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்.

இங்கே நிறுத்தினால், அரசு ஆதரவாளர்கள் வழக்கமாகப் பேசும் பேச்சாகவே இது முடிந்துவிடும். 2012இல் ஒபாமா இதே வாதத்தைத் தேர்தல் மேடையில் சொல்லப்போய், உழைத்து முன்னேறியவர்களை அவமதித்தார் என்ற பழியைச் சுமந்தார். பழி சொன்னவர்கள் முழுக்கத் தவறு என்று நான் நினைக்கவில்லை. நீ ஓடிய அதே சாலையில், அதே ஜிபிஎஸ்ஸையும் அதே நிறுவனச் சட்டத்தையும் வைத்துக்கொண்டு ஓடிய உன் போட்டியாளர்கள் பலர் கடையை மூடிவிட்டார்கள். அவர்களுக்கும் உனக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு உண்டாக்கவில்லை. அது உன் உழைப்பு, உன் தீர்மானங்கள், கொஞ்சம் அதிர்ஷ்டம். ஆனால் 'மற்றவர்கள் தோற்க நான் மட்டும் ஏன் ஜெயித்தேன்' என்பது ஒரு கேள்வி, 'இப்படி ஒரு தொழிலை யாராவது நடத்த முடிகிறதே, அது எப்படி' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை எடுத்து நீ இரண்டாவதற்குச் சொல்கிறாய். உன்னை எதிர்ப்பவர்கள் அதையே தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஆகவே வரியை நன்றிக்கடன் என்று உன்னிடம் சொல்லமாட்டேன். நன்றிக்கு அளவில்லை. அந்த வாதத்தை ஒப்புக்கொண்டால் எவ்வளவு கேட்டாலும் கொடுக்க வேண்டியதாகிவிடும். அந்த வழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு சுவீடன் உதாரணம். 1976இல் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன், தன் வருமானத்தின் உச்சப் பகுதிக்கு வரி 102 சதவீதம் வருகிறது என்று கண்டு, அதைக் கேலி செய்து பத்திரிகையில் எழுதினார். அவர் ஆளும் சமூக ஜனநாயகக் கட்சியின் நெடுநாள் ஆதரவாளர். அந்த ஆண்டுத் தேர்தலில் அந்தக் கட்சி பல பத்தாண்டுகளாகக் கையில் வைத்திருந்த ஆட்சியை இழந்தது. பின்னாளில் சுவீடன் வாரிசுரிமை வரியையும் செல்வ வரியையும் நீக்கிவிட்டது. அப்படியிருந்தும் இன்று அந்த நாட்டின் மொத்த வரி வசூல் தேசிய உற்பத்தியில் 40 சதவீதத்துக்கு மேல். உலகம் அறிந்த நிறுவனங்கள் அங்கிருந்து தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. வரி அதிகமாக இருந்தால் தொழில் சாகும் என்பதற்கும் அது சாட்சி சொல்லாது, எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது என்பதற்கும் சொல்லாது. எதன் மேல் வரி, வசூலான பணம் எதற்குப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எதற்குப் போகிறது என்ற இடத்தில் உன் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. பிரிட்டனும் பிரான்சும் பெரும் பொதுப்பணம் கொட்டிக் கட்டிய கான்கார்ட் விமானத்தில் மொத்தம் உருவானவை இருபதே. அவற்றில் பயணிகள் சேவைக்கு வந்தவை பதினான்கு. எரிசக்திக் கடன் திட்டம் ஒன்றில் அமெரிக்க அரசு சோலிண்ட்ரா என்ற சூரியத் தகடு நிறுவனத்துக்கு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. 2011இல் அது திவாலாகி, இழப்பு வரிதாரர் தலையில் விழுந்தது. அதே காலத்தில் அதே அரசு டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2013இல் டெஸ்லா அதைத் தவணைக்கு முன்பே அடைத்துவிட்டது. அதன் பிறகு டெஸ்லாவின் மதிப்பு எங்கே போனது என்பது உனக்கே தெரியும். அரசுக்குக் கிடைத்தது அசலும் வட்டியும். தோற்ற நிறுவனத்தின் நஷ்டம் முழுவதும் பொதுமக்களுக்கு, ஜெயித்த நிறுவனத்தின் ஏற்றம் பங்குதாரர்களுக்கு என்றால், அரசுக்குத் திரும்பிவரும் ஒரே வாசல் வரிதான். பெயர் சொல்லித் தனி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் சலுகைகளில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. நீதிமன்றம், பள்ளி, அடிப்படை ஆராய்ச்சி ஆகியவற்றுக்குப் போகும் பணத்தில் அந்தச் சந்தேகம் மிகக் குறைவு, ஏனென்றால் அங்கே யார் ஜெயிப்பார் என்று எந்த அதிகாரியும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியதில்லை.

வரியைக் குறைத்தால் தொழில் தானாகப் பெருகும் என்று நீ எழுதியதற்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் 2012இல் அதைச் செய்து பார்த்தது. சிறு நிறுவன உரிமையாளர்கள் பலரின் தொழில் வருமானத்துக்கு மாநில வருமான வரியே இல்லை என்றாக்கியது. எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை, கஜானாவில் பள்ளம் விழுந்தது. 2017இல் ஆளுநர் மறுத்தும், அவருடைய சொந்தக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பதிவை மாற்றுவது சட்டப்படி குற்றமா என்றால், ஆடிட்டர் சொல்வது போலவே அது குற்றமாகாமல் இருக்கலாம். 2021இல் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்ட நிறுவன லாபத்தின் மேலான 15 சதவீதக் குறைந்தபட்ச வரியும் ஆண்டுக்கு 75 கோடி யூரோவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள குழுமங்களுக்குத்தான். உன் அளவுக்கு அது பொருந்தாது. ஆனால் உன் கிடங்குகள், வண்டிகள், ஊழியர்கள், வாடிக்கையாளர்கள் எல்லாம் இப்போதிருக்கும் இடத்திலேயே இருக்க, லாபம் மட்டும் வேறொரு நாட்டில் பிறந்ததாகக் காட்டும் ஏற்பாட்டில் எனக்கு விருப்பமில்லை. விகிதம் அதிகம் என்று தோன்றினால் அதை வெளிப்படையாக எதிர்த்துப் பேசு, தொழில் சங்கத்தின் வழியாக மனு கொடு, செலவுக் கணக்கைக் கேள். தணிக்கை அறிக்கைகளைப் படிக்கும் தொழிலதிபர்கள் மிகக் குறைவு. படித்தால் அமைச்சர்களிடம் கேட்க நல்ல கேள்விகள் கிடைக்கும்.

ஆடிட்டர் தந்த திட்டத்தை எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. மிச்சமாகும் வரியை அவர் கடைசி ரூபாய் வரை கணக்கிட்டிருப்பார். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணம் தராமல் ஏமாற்றினால், புதிய ஏற்பாட்டில் நீ எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போடுவாய், அதன் தீர்ப்பை இங்கே நிறைவேற்ற என்ன செலவாகும் என்ற பக்கமும் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா