பிளாசா இருந்த இடம்: அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

பாப்பாவுக்கு,

பெங்களூரில் நீ தினமும் இறங்குகிற எம்.ஜி. ரோடு மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் முன்பு ஒரு தியேட்டர் இருந்ததாமே என்று கேட்டிருந்தாய். இருந்தது. பிளாசா. 1936-இல் கட்டியது. அப்போது அந்தச் சாலைக்கே சவுத் பரேட் என்றுதான் பெயர். 2000-களின் நடுவில் படம் நின்றது, ஸ்டேஷனுக்காக இடம் போனது, 2011 அக்டோபரில் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. அது ஆங்கிலப் படம் ஓடிய தியேட்டர். அதற்காக உருகி எழுத ஆட்கள் நிறைய உண்டு. நான் சொல்ல நினைப்பது வேறு.

சிவாஜிநகரில் எல்ஜின் டாக்கீஸ் என்று ஒன்று. 1896-இல் வீரபத்ர முதலியார் தொடங்கியது, அன்றைய வைஸ்ராய் எல்ஜின் பிரபுவின் பெயரில். அதே வருஷம் ஜூலையில்தான் பம்பாய் வாட்சன் ஹோட்டலில் சினிமாவுக்கு முன்னோடிகளான பிரான்ஸின் லூமியேர் சகோதரர்களின் ஆட்கள் நம் நாட்டில் முதன்முதலாகப் படம் காட்டினார்கள். ஊமைப்படம் வந்து, 1931-இல் பேசும் படம் வந்து, அதற்கப்புறம் தலைமுறை தலைமுறையாக நம் தமிழ் ஜனங்கள் அங்கே போனார்கள். பட்டாளத்தோடு கூடவே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த தண்டுப் பகுதி (கன்டோன்மென்ட்) அது. தண்டு மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது, போய்ப் பார். எல்ஜினில் இப்போது படம் ஓடுவதில்லை.

டிவி வந்தது, மால் வந்தது, தியேட்டர் போயிற்று என்று எல்லாரும் சொல்வார்கள். தப்பில்லை. 2004-இல் கோரமங்களாவில் ஒரே மாலுக்குள் 11 திரை திறந்தார்கள். நாலு காட்சி ஓட்டி வருகிற காசைவிடத் தரையின் விலை பல மடங்கு என்றால் எந்த முதலாளிதான் ஓட்டுவார்? லிடோ தியேட்டர் மாலாகிவிட்டது. ஆசியாவிலேயே பெரியது என்று பெருமை பேசிய கபாலி (1968-இல் திறந்தது) 2017-இல் மூடியது. பிரிகேட் ரோடு ரெக்ஸ் 2018 கடைசி நாளோடு சரி. ஓப்பரா ஹவுஸ் கட்டடம் மட்டும் தப்பித்தது, உள்ளே போன் விற்கிறார்கள்.

ஆனால் தமிழ்ப் படம் நம்பி ஓடிய தியேட்டர்காரருக்கு இன்னொரு அடியும் விழுந்தது. அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் தமிழ்ப் படம் நின்றது. 2000-இல் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தி வைத்திருந்த 108 நாளில் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் போஸ்டர் கிழியும், ஷட்டர் இறங்கும், வாடகையும் கரண்டு பில்லும் மட்டும் நிற்காது. பிறகு 2004-இல், வேறு மொழிப் படங்கள் வெளியாகி 7 வாரம் கழித்துத்தான் கர்நாடகத்துக்கு வர வேண்டும் என்று கன்னடத் திரைத்துறை முடிவெடுத்தது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சொந்த ஊரிலேயே கன்னடப் படத்துக்குத் தியேட்டர் கிடைக்காவிட்டால் கோபம் வராதா? ஆனால் ஒரு படம் சம்பாதிப்பதே முதல் இரண்டு மூன்று வாரத்தில்தான். ஏழு வாரம் கழித்துப் பெட்டி வரும்போது திருட்டு விசிடி அல்சூர் முழுக்கச் சுற்றி முடித்திருக்கும். (நம் வீட்டிலும்தான். உன் அம்மாவைக் கேள், மழுப்புவாள்.) பொறுக்க முடியாதவர்கள் ஓசூருக்கு பஸ் ஏறினார்கள். நாற்பது கிலோமீட்டர், எல்லை தாண்டினால் அன்றே ரிலீஸ். பெங்களூர்க்காரன் காசில் ஓசூர் தியேட்டர்காரர்கள் நன்றாகவே இருந்தார்கள்.

அந்தக் கட்டுப்பாடு நிலைக்கவில்லை. ஆனால் அதற்குள் ஜனங்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நடந்தே போய், கையில் இருக்கிற சில்லறைக்குத் தரை டிக்கெட் வாங்கிய ஆள், மாலில் அத்தனை ரூபாய் கொடுத்து எதற்கு உட்காரப் போகிறார்?

பிளாசாவுக்குப் புகைப்படமாவது தேடினால் கிடைக்கும். எல்ஜினில் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, பெண்கள் பக்கம் எது, இடைவேளையில் என்ன விற்றார்கள் என்பதெல்லாம் பாட்டி மாதிரி ஆட்களின் தலையில் மட்டும்தான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை போகும்போது கேட்டு, போனில் பதிவு பண்ணிக்கொண்டு வா. வலது பக்கம் உட்கார்ந்து பேசு, இடது காது அவளுக்குச் சரியாகக் கேட்காது.

அன்புடன்,
மாமா