சங்காயத்தில் போகும் காரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

மீன் குஞ்சு பொரித்து வளரட்டும் என்றுதான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிப்போடுகிறோம். சரி, நல்லதுதான். தடை முடிந்ததும் அதே குஞ்சுகளைச் சின்னக்கண்ணி மடியில், அதாவது கண் சிறிய இழுவலையில், வாரி வந்து சங்காயம் (கழிவு மீன்) என்று கரையில் குவிக்கிறோமே, அப்புறம் எதற்கு அந்தத் தடை?

அந்தக் குவியலைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாத சங்கரா, பாறை மீன் குஞ்சு, நண்டு, நசுங்கிய காரல் மீன் எல்லாம் கிடக்கும், ஐஸ்கூடப் போடாமல் அள்ளி லாரியில் ஏற்றுவார்கள், அது மீன்மாவு ஆகிக் கோழிக்கும் இறால் பண்ணைக்கும் தீவனமாகப் போகும். பிள்ளை பெற்றவளுக்குக் காரல் குழம்பு வைத்துக் கொடுத்த ஊர் இது! இன்றைக்கு நூறு நாள் வேலைக்குப் போகிறவள் வாங்கித் தின்ன மலிவு மீன் இல்லை, பிராய்லர் கோழி தின்கிறது.

கேரளத்தில் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடித்தால் குற்றம். இங்கேயும் அப்படி மீனுக்கு மீன் அளவு வைத்து, இறங்குதளத்திலேயே அளந்து பார்க்க வேண்டும். படகுக்காரரை மட்டும் பிடித்தால் போதாது, குஞ்சு மீனை வாங்கும் ஆலையையும் கேளுங்கள்.

இன்னொன்று, நாட்டுப்படகுக்காரர் கதை. வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அந்த வியாபாரி சொல்லும் விலைக்குத்தான் மீனைப் போட வேண்டும், கடன் தீர்கிறவரை ஏலத்துக்கே போக முடியாது. தடைக்கால நிவாரணத்தை உயர்த்திப் பேசுகிறவர்கள் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக் கடனைப் பற்றியும் பேசட்டும்.

ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்