நடமாடும் மருத்துவ ஊர்திக் குழுவினருக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர், செவிலியர்கள், மனநல ஆலோசகர், ஓட்டுநர், தன்னார்வலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அபினைப் போலச் செயல்படும் ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளில் தொடங்கி அவற்றுக்கே அடிமையாகிப் போன என் தம்பி, உங்கள் ஊர்தியில் சிகிச்சைக்குச் சேர்ந்து ஓராண்டு நிறைவடைகிறது. அவனுடைய ஒப்புதலோடு, எங்கள் குடும்பத்தின் சார்பில் இதை எழுதுகிறேன்.

இதற்கு முன்பும் அவன் சிகிச்சை பெற்றவன்தான். தொலைவிலிருந்த ஒரு மையத்தில், செவிலியரின் கண்முன்னே நாள்தோறும் மெத்தடோன் என்ற மாற்று மருந்தை அருந்த வேண்டியிருந்ததால், பாதிப் பகல் பயணத்திலேயே கழிந்தது. அதனால் வேலை போயிற்று, வேலையோடு பயணச் செலவுக்கான பணமும் போயிற்று. அவன் பாதியில் நின்றபோது, மனவுறுதி இல்லாதவன் என்று பழித்தவர்களில் நானும் ஒருத்தி. பழகிய மருந்து திடீரென நின்றால் உடல் படும் பாட்டை உங்கள் ஆலோசகர் விளக்கிய பிறகே என் பேச்சின் கொடுமை எனக்குப் புரிந்தது. அவனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

முதல் நாள், கடைசியாக எப்போது மாத்திரை எடுத்தாய் என்று மருத்துவர் கேட்டதும் அவன் அஞ்சினான். பழைய மருந்தின் வேகம் குறையுமுன் புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தைக் கொடுத்தால் அது விலகல் வேதனையைத் திடீரெனத் தூண்டிவிடும் என்று சொல்லி, கொட்டாவியும் வியர்வையும் கண்ணீரும் தெளிவாகத் தெரியும்வரை காத்திருந்து, அதன் பிறகே மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கச் செய்தீர்கள். அது கரையும்வரை பேச முடியாமல் இருந்தவன் அருகே செவிலியர் ஒருவரும் பேசாமல் அமர்ந்திருந்தார். அந்த நிமிடங்களுக்காக அவருக்குத் தனியே நன்றி சொல்ல விரும்புகிறேன்.

ஓட்டுநர் ஐயாவுக்கும் அப்படியே. சிகிச்சை மருந்து விட்டுப்போய் ஒருவர் மீண்டும் வலி மாத்திரையின் பழைய அளவுக்குத் திரும்பினால், உடலின் தாங்குதிறன் குறைந்திருப்பதால் மூச்சே நின்றுவிடக்கூடும். மழையிலும் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் ஊர்தியை நிறுத்தியவர் எத்தனை உயிர்களைக் காத்தார் என்பதை அவரே அறியமாட்டார்.

ஓபியாய்டு அளவு மீறி அடங்கும் மூச்சை மீட்கும் நலாக்சோன் மருந்தின் மூக்குத் தெளிப்பானைப் பயன்படுத்த என் தாயாருக்கும் கற்றுக்கொடுத்தீர்கள். அது கொடுத்துக் கண்விழித்தாலும், அதன் வேகம் தணிந்ததும் மூச்சு மறுபடி அடங்கக்கூடும் என்பதால், உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும் என்பதை அவர் இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறார்.

ஊர்தி நிற்க இடமும் மின்இணைப்பும் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், முதலில் எதிர்த்துப் பின்னர் தாங்களே நாற்காலி கொண்டுவந்து போட்டவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. ஆம்ஸ்டர்டாமில் மெத்தடோன் பேருந்து 1979இலேயே ஓடத் தொடங்கியது. மெத்தடோனையும் புப்ரெனார்ஃபினையும் உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு காலம் எட்டாதிருந்ததை எங்கள் தெருமுனைவரை கொண்டுவந்தவர்கள் நீங்கள்.

தம்பி மறுபடி வேலைக்குப் போகிறான். வரும் செவ்வாய்க்கிழமை சற்றுத் தாமதமாகலாம், ஆனால் ஊர்தி புறப்படுமுன் வந்துவிடுவேன் என்று உங்களிடம் சொல்லச் சொன்னான்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா