டிராகனுக்கும் எலும்பு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் இளம் ஓவியர்கள் வரைந்த கற்பனை விலங்குகளின் படங்களையும், அவற்றின் கீழ் ‘கற்பனைக்கு எல்லையில்லை’ என்று அச்சிட்டிருந்த வரியையும் பார்த்தபின், பத்தொன்பது வயதில் நான் வரைந்த டிராகன் ஓவியத்தை வெளியே எடுத்தேன். பாறை விளிம்பில் சிறகு விரித்து நெருப்பை உமிழும் அந்த உருவத்தின் செதில்களை மட்டும் மூன்று வாரம் உட்கார்ந்து மைப்பேனாவால் வரைந்தேன். இன்று பார்க்கையில், அதில் உழைப்பு இருக்கிறது, உயிர் இல்லை.

முதற்குறை சிறகில். வௌவாலின் சிறகு என்பது அதன் கைதான். நீண்டு மெலிந்த நான்கு விரல்களுக்கிடையே சவ்வு விரிந்திருக்கிறது, கட்டைவிரல் மட்டும் தனியே நிற்கிறது. நான்கு கால்களோடு சிறகுகளையும் சேர்த்து ஆறு உறுப்புகள் கொடுப்பது ஓவியரின் உரிமை. ஆனால் அப்படிக் கொடுத்தால் இரண்டாவது தோளுக்கு உடலில் இடம் வேண்டும், சிறகை அடிக்கும் தசைகள் பற்றிக்கொள்ள அகன்ற மார்பெலும்பு வேண்டும். என் டிராகனுக்கோ மார்பு ஒட்டிக் கிடக்கிறது. சிறகுகள் முதுகில் பசை போட்டு ஒட்டியவைபோல் நிற்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் உச்செல்லோ வரைந்த, புனித ஜார்ஜ் டிராகனோடு போரிடும் ஓவியத்தில் டிராகனுக்கு இரண்டே கால்கள்; முன்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் சிறகு முளைத்திருக்கிறது. அதைப் பிற்பாடு பார்த்தபோதுதான் என் பிழை எனக்கு உறைத்தது.

செதில்களும் அப்படியே. பல்லி, ஓணான் போன்றவற்றின் கண்ணைச் சுற்றியும் மூட்டுகளிலும் செதில் பொடியாகும். பாம்பின் வயிற்றில் அகன்ற பட்டைகளாகும். நானோ மூக்கு முதல் வால் வரை ஒரே அளவில் ஓடு வேய்ந்திருக்கிறேன். முழங்கை மடியும் இடத்தில்கூட ஒரு செதிலும் நெருங்கவில்லை, ஒன்றும் விலகவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒளி. படத்திலேயே பிரகாசமானது வாயிலிருந்து வரும் நெருப்பு. ஆனால் கீழ்த்தாடையிலும் கழுத்திலும் அதன் சிவப்பு ஒரு துளிகூடப் படவில்லை, நிலவின் நீலம் மட்டுமே படிந்திருக்கிறது. எலும்பமைப்பை அறியப் படிப்பு வேண்டும் என்றாவது சொல்லலாம். இதற்கு ஒரு விளக்கை ஏற்றி அருகில் கையை நீட்டிப் பார்த்திருந்தால் போதும்.

நான் உயிரினங்களைப் பார்த்து வரையவில்லை, பிறர் வரைந்த டிராகன்களைப் பார்த்து வரைந்தேன். 1515இல் காண்டாமிருகத்தை நேரில் காணாமலே வரைந்த ஜெர்மானிய ஓவியர் டியூரர், அதன் தோளருகே இல்லாத ஒரு சிறு கொம்பையும் சேர்த்துவிட்டார். அவருக்கு அந்த விலங்கைப் பார்க்க வாய்ப்பில்லை. எனக்கோ சுவரிலேயே பல்லி இருந்தது. கற்பனை விலங்கு இயல்பாகத் தோன்ற வேண்டுமானால் அதன் உறுப்புகளை மெய்யான விலங்குகளிடமிருந்து எடுத்துக்கொள் என்று லியொனார்தோ டா வின்சி தம் குறிப்புகளில் எழுதியிருப்பதை அன்றே படித்திருக்கலாம்.

ஆயினும், ஒரே இழுப்பில் வந்த அந்தக் கழுத்து வளைவை இன்றும் நான் மாற்ற மாட்டேன். ஆகவே இளையவர்களின் துணிவைக் குறைக்கும்படி தங்களிடம் கேட்கவில்லை. அடுத்த முறை இத்தகைய படங்களை வெளியிடும்போது, எந்தெந்த உயிரினத்தைப் பார்த்து வரைந்தாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைப் படத்தின் கீழ் இரண்டு வரியில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவியர்